முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது: பயோட்டின் வாங்கலாமா?

கோவைமல்லி

எல்லோருக்கும் வணக்கம். வயது 27, கோவையில் ஐடி வேலை. கொஞ்ச நாளாக முடி கொட்டுவது தாங்க முடியவில்லை. தலைக்குக் குளித்தால் குளியலறையில் தண்ணீர் போகும் ஜாலி அடைத்துக்கொள்கிறது. துவட்டிய துண்டு முழுக்க முடி. ரப்பர் பேண்டை முன்பெல்லாம் இரண்டு சுற்றுச் சுற்றினால் இறுகிவிடும், இப்போது நான்கு சுற்று போகிறது. ஒரு இடத்தில் மட்டும் சொட்டை என்று இல்லை, தலை முழுக்கப் பரவலாக.

அலுவலகத் தோழி பயோட்டின் கம்மி சாப்பிடச் சொல்கிறாள். 10,000 மைக்ரோகிராம், டப்பா ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். அம்மா கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறார். அண்ணி ஆளிவிதை என்கிறார். பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டால் எல்லாம் போர் தண்ணீர் செய்யும் வேலை, ஷவருக்கு ஃபில்டர் மாட்டு என்கிறார். எந்தச் சத்துக் குறைந்தால் இப்படிக் கொட்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணி

தோழி, யோசிக்காமல் பயோட்டின் வாங்குங்கள். எனக்கும் இதே கதைதான். குழந்தை பிறந்த பிறகு தலையில் கை வைத்தாலே கையோடு முடி வந்தது. பயோட்டின் ஆரம்பித்தேன், நின்றுவிட்டது. நகமும் இப்போது உடைவதில்லை. என் தங்கைக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வைட்டமின்தானே, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை.

ஆய்வகம்மணி

கோவைமல்லி, கடைக்குப் போகும் முன் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு முன்னால் உடம்புக்கு என்ன நடந்தது? டெங்கு, டைஃபாய்டு, கொரோனா, அறுவை சிகிச்சை, கடுமையான டயட், வீட்டில் பெரிய துக்கம், ஏதாவது?

ஏன் கேட்கிறேன் என்றால், முடி இன்றைக்குக் கொட்டுவது இன்றைய காரணத்தால் இல்லை. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருஷம் வளரும், அப்புறம் இரண்டு மூன்று மாதம் சும்மா ஓய்வில் கிடக்கும், பிறகு உதிரும். அதனால்தான் தினமும் 50 முதல் 100 முடி போவது சாதாரணம். உடம்புக்கு ஒரு பெரிய அடி விழுந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் ஒரு பெரும்பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை ஒன்றாக உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்து. காய்ச்சல் போனது, முடி கொட்டுகிறது, நடுவில் மாற்றியது ஷாம்பு மட்டும்தான். பழி ஷாம்பு மேல் விழும். தண்ணீர் மேலும் அப்படித்தான் விழுகிறது. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நடுவில் ஒடிக்கும். வேரோடு உதிர்க்காது. கொட்டிய முடியின் ஒரு நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது வேரோடு வந்தது.

தாமிரபரணி அக்கா, பிரசவத்துக்குப் பிறகு கொட்டும் முடி மாத்திரை எதுவும் இல்லாமலேயே ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்தில் நின்றுவிடும். நீங்கள் பயோட்டின் ஆரம்பித்ததும் அது நின்றதும் ஒரே சமயத்தில் நடந்திருக்கிறது.

தாமிரபரணி

என் முடிக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாதா? அப்படியே வைத்துக்கொண்டாலும், டாக்டர்கள் ஏன் பயோட்டின் எழுதிக் கொடுக்கிறார்கள்? அதில் கெடுதல் என்ன?

ஆய்வகம்மணி

கெடுதலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பயோட்டின் 30, 40 மைக்ரோகிராம். முட்டை மஞ்சள் கரு, வேர்க்கடலை, பயறு சாப்பிடுகிற யாருக்கும் அது கிடைத்துவிடும். உண்மையான பயோட்டின் பற்றாக்குறை அபூர்வம். பச்சை முட்டையை மாதக்கணக்கில் அப்படியே குடிப்பவர்களுக்கு வரலாம், ஏனென்றால் வேகாத வெள்ளைக் கருவில் உள்ள ஒரு புரதம் பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும். வேகவைத்தால் அந்தப் பிரச்சினை போய்விடும். சில பிறவிக் குறைபாடுகள், சில வலிப்பு மருந்துகள், இவையும் காரணமாகலாம். பற்றாக்குறை இல்லாதவருக்கு 10,000 மைக்ரோகிராம் கொடுத்தால் முடி கூடுதலாக வளரும் என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை.

சரி, சிறுநீரில்தான் போகிறதே என்பீர்கள். போகும் முன் ரத்தத்தில் சுற்றுகிறதே! தைராய்டு, ஹார்மோன், மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் என்று எங்கள் கருவிகளில் பல சோதனைகள் பயோட்டினை ஒட்டுப்பொருளாகப் பயன்படுத்தியே நடக்கின்றன. ரத்தத்தில் அது ஏகத்துக்கு இருந்தால் கருவி ஏமாந்துபோகும். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் பொய்யாகக் குறையும், தைராய்டு சுரக்கும் டி4 பொய்யாகக் கூடும். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று ரிப்போர்ட் வரும், ஆளோ நன்றாக இருப்பார். ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து ஒருவர் இறந்தது பற்றி அமெரிக்க உணவு மருந்துத் துறை 2017 நவம்பரில் எச்சரிக்கையே விட்டது. இப்போதெல்லாம் தைராய்டு ரிப்போர்ட் கோணலாக வந்தால் முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன். பெரும்பாலானோர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அதனால் சொல்வதும் இல்லை.

சாப்பிட்டே தீருவேன் என்றால் ரத்தம் கொடுக்கும் முன் குறைந்தது இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள், கூடத்திலும் சொல்லுங்கள்.

கேழ்வரகுக்கூழ்

கோவைமல்லி, நான் உணவியல் ஆலோசகர். மணி கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கூடவே நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வாயில் போட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள். காபி எத்தனை, எப்போது என்பதும் வேண்டும். மாதவிடாய் எப்படி என்பதையும் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம்.

கோவைமல்லி

காய்ச்சல் எதுவும் வரவில்லை. ஆனால் தோழியின் கல்யாணத்துக்காக டயட் இருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன், மதியம் சோற்றைக் குறைத்தேன். நன்றாகவே இளைத்தேன், எல்லோரும் பாராட்டினார்கள். கல்யாணம் முடிந்தும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. இப்போது 54 கிலோ.

நேற்று: எழுந்ததும் காபி, இரண்டு பிஸ்கட். எட்டரைக்கு இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி, கையோடு இன்னொரு காபி. மதியம் ஒரு கிண்ணம் சோறு, ரசம், பீன்ஸ் பொரியல், சின்னக் கிண்ணம் தயிர். நாலரைக்குக் காபி. ராத்திரி பப்பாளி, வெள்ளரிக்காய். நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. மாதவிடாய் முதல் மூன்று நாள் ரொம்பவே அதிகம், எப்போதும் அப்படித்தான் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேழ்வரகுக்கூழ்

நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள்.

முதலில் புரதம். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். உங்கள் 54 கிலோவுக்குச் சுமார் 45 கிராம். நீங்கள் சாப்பிட்டதைக் கூட்டுவோம். மூன்று காபியிலுள்ள பாலில் எட்டு ஒன்பது கிராம் இருக்கும். இரண்டு இட்லியில் நான்கு ஐந்து, சோற்றில் நான்கு, தயிரில் மூன்று, பொரியல் பிஸ்கட் எல்லாம் சேர்த்து ஒரு மூன்று. 25 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். சாம்பார்கூட இல்லை, ரசம்! பருப்பு என்ற பொருளே நேற்று உங்கள் தட்டுக்கு வரவில்லை. உடம்பு கையில் இருக்கும் புரதத்தை இதயம், தசை, ரத்தம் என்று அவசரமான இடங்களுக்கு முதலில் கொடுக்கும். முடி இல்லாமல் உயிர் வாழலாம் என்பது அதற்குத் தெரியும்.

அடுத்தது இரும்பு. இதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது அதே பரிந்துரை, ஆணுக்கு 19தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எப்போதும் அப்படித்தான் என்று நீங்கள் எழுதிய அந்த அதிக ரத்தப்போக்கை எங்கள் பெண்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்கள். மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், கட்டி கட்டியாகப் போனால், அது மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். ஓட்டையை அடைக்காமல் மேலே எவ்வளவு ஊற்றினாலும் தொட்டி நிறையாது.

இப்போது காபி. சைவ உணவில் வரும் இரும்பை உடல் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். அந்தக் கொஞ்சத்தையும் காபி, டீயில் உள்ள பொருட்கள் கட்டிப்போட்டுவிடும். இட்லியோடு காபி, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் காபி, இரண்டுமே கெடுதல்தான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே குடித்துவிட்டால் பாதிப்பு இல்லை. ஆகவே எழுந்ததும் குடிக்கும் காபி உங்களுக்கே, அதில் கை வைக்க மாட்டேன். எட்டரை மணிக் காபியை மட்டும் பத்தரைக்குத் தள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எதிர்ப்பக்கம் வைட்டமின் சி. அது இரும்பை உறிஞ்ச உதவும். மதியச் சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யா அல்லது நெல்லிக்காய். ஊறுகாயைச் சொல்லவில்லை, பச்சை நெல்லிக்காய். கீரையை இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் சி பாதி போய்விடும்.

சைவத்தில் என்ன சேர்க்கலாம்? மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், அதிலேயே பன்னிரண்டு கிராம் புரதம் வந்துவிடும். சுண்டல் செய்ய நேரம் இல்லாத நாளில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஏழு கிராம். ராத்திரிக்குப் பப்பாளியோடு நிறுத்தாமல் இரண்டு அடை, அல்லது பாசிப்பருப்பு தோசை. சாம்பாரில் பருப்பு தெரிகிற மாதிரி இருக்கட்டும். கறுப்பு எள் உருண்டை, கம்பு, கேழ்வரகு, முருங்கைக்கீரை எல்லாம் நல்லவை. ஆனால் முருங்கைக்கீரை மட்டும் சாப்பிட்டே ரத்தசோகை தீர்ந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். இருப்பு காலியாக இருப்பவருக்கு உணவு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

அசைவர்கள் படித்துக்கொண்டிருந்தால்: ஆட்டு ஈரலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் இரும்புக்கு மிகவும் நல்லவை. கறிக்கடையில் காலையிலேயே சொல்லி வைத்தால்தான் சுவரொட்டி கிடைக்கும். மிளகு தூக்கலாகப் போட்டு வதக்கினால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள்.

ஆளிவிதை சாப்பிடுங்கள், நல்லதுதான். முடிக்காக என்று சாப்பிட வேண்டாம்.

குமரிப்பாட்டி

மக்களே, எல்லாம் சரி. எண்ணெயை ஒருவரும் பேசவில்லையே? எனக்கு 68 வயது, பின்னல் இன்னும் இடுப்புக்குக் கீழே கிடக்கிறது. கரிசலாங்கண்ணிச் சாறு, கறிவேப்பிலை, நெல்லிக்காய், சின்ன உள்ளி, வெந்தயம், எல்லாம் தேங்காய் எண்ணெயில் போட்டு சடசடப்பு அடங்கும் வரை காய்ச்ச வேண்டும். சடசடப்பு இருக்கும்போதே இறக்கினால் சாறு நின்று எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். சனிக்கிழமை தலைக்குத் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்போம். வேருக்கு எண்ணெய்தான் தீனி.

ஆய்வகம்மணி

பாட்டிம்மா, உங்கள் எண்ணெய்க்கு நான் எதிரி இல்லை. ஒன்றை மட்டும் மறுக்கிறேன். வேருக்குத் தீனி ரத்தத்திலிருந்துதான் வரும், தலைமேல் தேய்ப்பதிலிருந்து வராது. ஆனால் தேங்காய் எண்ணெய் வெளியே வந்த முடியைக் காப்பாற்றும். 2003-ல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் வைத்துச் சோதித்தார்கள். அதில் தேங்காய் எண்ணெய்தான் முடிக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைத்தது. ஆகவே நீளமான முடி ஒடியாமல் இருக்க நல்லது. பொடுகு உள்ளவர்கள் மட்டும் எண்ணெயை ஊறவிட வேண்டாம், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப்பசை பிடிக்கும்.

குமரிப்பாட்டி

இருக்கட்டும். நாங்கள் எண்ணெய் தேய்த்த காலத்தில் தினமும் மீனும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட்டோம், அதையும் சேர்த்துக்கொள். நெத்திலி இல்லாத மதியம் கிடையாது. என் பேத்திக்கு நெத்திலி என்றால் முகம் சுளிக்கிறது, எண்ணெய் மட்டும் கேட்கிறாள்.

கேழ்வரகுக்கூழ்

பாட்டி, இதை நான் என் நோயாளிகளுக்குச் சொல்லப் போகிறேன்.

முன்நெற்றி

ஆண்கள் யாரும் பேசக் காணோம். எனக்கு 31 வயது. முன்நெற்றி இரண்டு பக்கமும் ஏறுகிறது, உச்சி தெரிகிறது. அப்பா, தாத்தா எல்லோரும் இதே வழிதான். ஜிம்மில் மல்டிவைட்டமின், துத்தநாகம், மீன் எண்ணெய் என்று ஒரு கிட் தருகிறார்கள். பலன் இருக்குமா?

ஆய்வகம்மணி

சகோ, அது வேறு நோய். டிஎச்டி என்ற ஆண் ஹார்மோனுக்கு உச்சியிலும் முன்நெற்றியிலும் உள்ள வேர்கள் மெல்ல மெல்லச் சுருங்குகின்றன. மரபு வழி வருவது. அதற்கு வைட்டமின் எதுவும் வேலை செய்யாது. சான்றுள்ள மருந்துகள் மினாக்சிடிலும் ஃபினாஸ்டிரைடும்தான். மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து, சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். முதல் சில வாரங்கள் முடி இன்னும் அதிகமாகக் கொட்டும், அந்தப் பயத்திலேயே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். நிறுத்தினால் வளர்ந்ததும் போய்விடும். ஃபினாஸ்டிரைடு டாக்டர் பார்த்துத் தர வேண்டியது. பெண்களுக்கும் இந்த வகை வரும், வகிடு அகலமாகிக்கொண்டே போகும். பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கிட்டில் உள்ள துத்தநாகத்தை மட்டும் கவனியுங்கள். குறைந்தாலும் முடி கொட்டும் என்பது சரிதான், ஆனால் மாதக்கணக்கில் அதிகமாகப் போனால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகையே வரும்.

முன்நெற்றி

ஆக தாத்தா வழிதான். சரி, கிட் காசில் நல்ல தொப்பி வாங்கிக்கொள்கிறேன்.

தாராவிக்காரன்

மிஞ்சினால் ஆபத்தில்லை என்று மேலே ஒருவர் எழுதியிருந்தார். இங்கே மராட்டியத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2024 டிசம்பர் கடைசி, 2025 ஜனவரியில் புல்டாணா மாவட்டம் சேகாவ் பக்கத்துக் கிராமங்களில் ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் சில நாட்களிலேயே மொட்டையானார்கள். தலையைச் சொறிந்தால் கையோடு கொத்தாக வந்தது. முதலில் எல்லோரும் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகித்தார்கள். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து குழு வந்தது. ரத்தத்தில் செலினியம் அதிகமாக இருப்பது தெரிந்தது. டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் கோதுமையைச் சோதித்து, ரேஷனில் வந்த கோதுமையில்தான் செலினியம் மிகுதி என்று சொன்னார். தேள்கடிக்கு மருந்து கண்டு உயிர்களைக் காப்பாற்றினாரே, அவரேதான்.

செலினியம் முடிக்கு வேண்டிய சத்துதான். பல ஹேர் மாத்திரைகளின் டப்பாவில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். அமெரிக்காவில் 2008-ல் ஒரு திரவ ஊட்டச்சத்தில் செலினியம் தவறுதலாக 200 மடங்கு சேர்ந்து, குடித்தவர்களுக்கு முடி கொட்டி நகம் பெயர்ந்தது.

தாமிரபரணி

இதைப் படித்துவிட்டு என் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பயோட்டினோடு செலினியமும் வைட்டமின் ஏயும் இருக்கின்றன. நான் தனியாக ஒரு மல்டிவைட்டமினும் எடுக்கிறேன், அதிலும் இரண்டும் இருக்கின்றன. கூட்டிப் பார்க்க வேண்டுமா?

கேழ்வரகுக்கூழ்

கட்டாயம். வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது, சிறுநீரில் போகாது, ஈரலில் சேரும். அதிகமானால் முடி கொட்டும், அதாவது எதற்காகச் சாப்பிட்டீர்களோ அதற்கு நேர் எதிர். ரெட்டினால் என்று போட்டிருப்பது ஒரு நாளைக்கு மொத்தம் 3,000 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், குழந்தைக்கு ஊறு உண்டு. கேரட், பப்பாளி, கீரையில் உள்ளது பீட்டா கரோட்டின், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். செலினியத்துக்கு மேல் எல்லை 400 மைக்ரோகிராம்.

பனங்கிழங்கு

வணக்கம். நான் யாழ்ப்பாணம். மனைவிக்குப் பிள்ளை பிறந்து நாலு மாதம். தலைமயிர் கடுமையாகக் கொட்டுகிறது. மாமி சரக்குக்கறி, சுறா வறை என்று பத்தியமாகக் கொடுத்தவ. இப்ப அதையெல்லாம் நிப்பாட்டினதால்தான் கொட்டுது என்கிறா. விற்றமின் குளிசை ஏதும் வாங்கலாமோ? பால் கொடுக்கிறா.

கேழ்வரகுக்கூழ்

தம்பி, கர்ப்பத்தின்போது ஹார்மோன் மிகுதியால் உதிர வேண்டிய முடியும் உதிராமல் நின்றது. அந்தப் பாக்கிதான் இப்போது மொத்தமாகப் போகிறது. நாலாவது மாதம் அதன் உச்சம். பிள்ளையின் முதல் பிறந்த நாளுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மாமி சொல்வதில் பாதி நியாயம் உண்டு. சுறா வறை நல்ல புரதம், அதை நிறுத்தத் தேவையில்லை. பால் கொடுக்கும் தாய்க்குப் புரதம் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும். பத்தியம் என்ற பெயரில் காய், பழம், பருப்பு எதையும் ஒதுக்காமல் இருந்தால் போதும். கர்ப்ப காலத்தில் தந்த இரும்புக் குளிசையைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடரச் சொல்லியிருப்பார்கள், அதை நிறுத்திவிட்டாரா என்று கேளுங்கள். தனியாக முடிக்கென்று எதுவும் வாங்க வேண்டாம். படபடப்பு, தாங்க முடியாத சோர்வு இருந்தால் தைராய்டும் பாருங்கள், பிரசவத்துக்குப் பின் அது சிலருக்குக் குழம்பும்.

பனங்கிழங்கு

குளிசை மூன்றாம் மாதமே நிப்பாட்டியாச்சாம். கிளினிக்கில் கேட்கிறோம். நன்றி அக்கா.

கோவைமல்லி

தோல் டாக்டரிடம் போய் வந்தேன். ஹீமோகுளோபின் 11.4, ஃபெரிட்டின் 9, டிஎஸ்எச் 2.3, வைட்டமின் டி 14, பி12 290. தலையில் ஒரு கொத்து முடியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார், ஏழெட்டு கையோடு வந்தது. இரும்பு மாத்திரை, வாரம் ஒரு 60,000 யூனிட் டி. மகப்பேறு டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டும் கொடுத்தார். பயோட்டின் எழுதவில்லை. ஹீமோகுளோபின் ஓரளவு நன்றாகத்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் இரும்பு? மாத்திரை போட்டதிலிருந்து வயிறு பிசைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. பாலோடு சாப்பிடலாமா?

ஆய்வகம்மணி

பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகைதான், உங்களுக்கு லேசாக இருக்கிறது. ஆனால் பார்க்க வேண்டிய எண் ஃபெரிட்டின், அது இரும்பின் சேமிப்புக் கணக்கு. 15-க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி. முதலில் காலியாவது சேமிப்பு, ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். பலருக்கு ஹீமோகுளோபின் 12.5 இருக்கும், ஃபெரிட்டின் 8 இருக்கும், ரத்தம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். முடிக்கு எத்தனை வேண்டும் என்பதில் டாக்டர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. 40-ஐத் தாண்டட்டும் என்று பல தோல் மருத்துவர்கள் பார்ப்பார்கள். இன்னொன்று, காய்ச்சல், அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். டெங்கு வந்து எழுந்த வாரத்தில் எடுத்துவிட்டு 90 இருக்கிறது என்று மகிழ வேண்டாம்.

கேழ்வரகுக்கூழ்

பாலோடு கூடாது, கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது. வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாக உறிஞ்சும். வயிறு தாங்கவில்லை என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், கொஞ்சம் குறைவாக ஏறினாலும் பரவாயில்லை, நிறுத்திவிடுவதைவிட மேல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கும் முறையும் இருக்கிறது. தினமும் போட்டால் உடம்பே கதவைச் சாத்திக்கொள்ளும், ஒரு நாள் விட்டுப் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் உறிஞ்சும். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். மலம் கறுப்பது இரும்பால்தான், பயப்படாதீர்கள். தார் போலப் பிசுபிசுத்து நாற்றம் அடித்தால் மட்டும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வைட்டமின் டி சாச்சேயை டாக்டர் சொன்ன வாரங்களோடு நிறுத்துங்கள். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியோடு படுத்தவர்கள் உண்டு.

ஹீமோகுளோபின் சில வாரங்களில் ஏறிவிடும். அதோடு நிறுத்தாதீர்கள், சேமிப்பு நிறைய இன்னும் மூன்று மாதமாவது ஆகும். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். உங்கள் பின்னல் பழைய கனத்துக்கு வர ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகும். அதற்கு முன் நெற்றி ஓரத்தில் குட்டி முடிகள் கம்பி போல நிற்கும், எண்ணெய் போட்டுப் படிய வைத்தாலும் படியாது. அதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள்.

கோவைமல்லி

நன்றி அக்கா, நன்றி மணி அண்ணா. இன்று ராத்திரி அடை. அம்மா மாவு அரைக்கும்போது, இதைத்தானே நான் மூன்று மாதமாகக் கத்திக்கொண்டிருந்தேன் என்கிறார்.

சேலத்துமாம்பழம்

இதோடு சேர்த்து ஒரு சந்தேகம். என் மகனுக்கு 19 வயது, காதோரம் நரைத்துவிட்டது. இதற்கும் சத்துக் குறைவு காரணமா? வீட்டில் நான் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன், எனக்கும் முடி கொட்டுகிறது.

ஆய்வகம்மணி

இளநரைக்குப் பெரும்பாலும் குடும்ப வாகுதான் காரணம். நீங்களும் அவர் அப்பாவும் எந்த வயதில் நரைத்தீர்கள் என்று பாருங்கள். பி12, இரும்பு, தைராய்டு மூன்றையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. பி12 குறைவால் வந்த நரை, அதைச் சரிசெய்தால் சிலருக்குத் திரும்பக் கறுக்கும். குடும்ப வாகு நரைக்கு எந்த மாத்திரையும் இல்லை.

உங்கள் விஷயம் தனி. மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 உறிஞ்சுவது குறையும். சைவமாகவும் இருந்தால் இரட்டை அடி. கால் மரத்துப்போவது, எரிச்சல் இருக்கிறதா? அதை எல்லோரும் சர்க்கரை மேல் போட்டுவிடுவார்கள், பி12 குறைந்தாலும் அப்படியே வரும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள், அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது பி12-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சேலத்துமாம்பழம்

கால் எரிச்சல் இருக்கிறது, ராத்திரியில் அதிகம். நாங்கள் சைவம்தான். புளித்த இட்லி மாவிலும் ஸ்பைருலினாவிலும் பி12 இருக்கிறது என்கிறார்களே?

கேழ்வரகுக்கூழ்

நம்பி உட்கார வேண்டாம் அம்மா. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் பி12 போன்ற தோற்றமுள்ள வேறொன்று, உடம்பு அதைப் பயன்படுத்தாது. இட்லி மாவில் வருவது கணக்கில் வைக்கும் அளவுக்கு இல்லை. சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி, அதுவும் தினமும் தாராளமாக. உங்கள் அளவு 200-க்குக் கீழே இருந்தால் தயிர் போதாது, ஊசியோ மாத்திரையோ டாக்டர் தருவார். கால் எரிச்சல் இருப்பதால் இதைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே பார்த்துவிடுங்கள், நரம்பு பாதிப்பு நாள்பட்டால் முழுசாகத் திரும்பாது. முடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.